சிமோன் கழுவிய முகம்

1

வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடியும் ரயிலில் இறக்கை முளைத்த ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். ரொறொன்ரோ நகரத்தின் நடுவிலுள்ள ஒரு பெரிய மண்டபத்தில் வருடத்துக்கு ஒருமுறை கொமிக்ஸ் புத்தகங்களுக்கும் மாயாஜாலப் படங்களுக்கும் உயிரை விடுகிற ரசிகர்கள் கூடுவார்கள். எங்கள் திருவிழா மாதிரித்தான். சாமி இல்லை, பூசை இல்லை, மற்றதெல்லாம் உண்டு. பல் வைத்தியர் ஒருவரின் அலுவலகத்தில் வரவேற்பு வேலை பார்க்கும் நான் யூனியன்வில்லில் ரயில் ஏறினால், பக்கத்தில் முகமெல்லாம் பச்சை பூசிய ஒருவர் வாளோடு நிற்பார். டிக்கட் பரிசோதகர் வந்து, சனம் போய்வரக் கஷ்டமாக இருக்கிறது, வாளை மேலே வையுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார். திங்கட்கிழமை வங்கிக்குப் போய்க் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு இருக்கப்போகிற மனிதர்கள் இவர்கள். முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு பழகிவிட்டது. பிறகு, உண்மையைச் சொன்னால், பிடித்தும் போனது.

இந்த வெள்ளிக்கிழமை ஒரு கறுப்பினப் பெண் தலையில் வெள்ளிக் கிரீடத்தோடு ஏறினாள். நான் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன். அவளைப் பார்க்க எனக்கு மனம் தாங்கவில்லை. போன வருடம் இதே திருவிழா நாளில் எங்கள் வீடு ஒரு பிள்ளையை இழந்தது. சாவில்லை. ஆனால் இழப்புத்தான்.

2

அந்தப் பிள்ளையின் பெயர் சிமோன். என் மகள் அபியின் சிநேகிதி.

கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் ரெக்ஸ்டேலில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். நாங்கள் ஏழாம் மாடி, சிமோனும் தகப்பனும் ஒன்பதாம் மாடி. தாய் சிமோனின் சின்ன வயதிலேயே நோய் வந்து போய்விட்டா. தகப்பன் க்ளைவ் பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து அவர் வரும்வரை அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில்தான். எங்கள் ஆட்கள் கறுப்பினத்தவரைக் குறிக்க ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அது தெரியும், நான் இங்கே எழுதப்போவதில்லை. "உதுகளோட என்ன சிநேகிதம்?" என்று அந்தச் சொல்லையும் சேர்த்துக் கேட்ட சொந்தக்காரர்கள், பிறகு அவள் என் பிட்டையும் மீன்குழம்பையும் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள்.

முதலில் சாப்பிட்டு முடித்ததும் தாங்க்யூ சொல்லுவாள். அபிதான் திருத்தினாள்: "எங்கட வீட்டில தாங்க்யூ சொல்றேல்லை சிம். வீட்டு ஆக்களுக்கு ஆரும் தாங்க்யூ சொல்லுவினமோ?" அதற்குப் பிறகு அவள் சொல்லவே இல்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு "அன்ரி, போட்டு வாறன்" என்று விடைபெறுவாள். அவளுக்கு ஒழுங்காக வந்த ஒரே தமிழ் வசனம் அதுதான். என் மகளோ வளர வளர, தமிழில் தொடங்குகிற வசனத்தை ஆங்கிலத்தில்தான் முடிப்பாள். நாங்கள் யூனியன்வில்லில் வீடு வாங்கி வந்த பிறகும் சிமோன் இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறி வந்தாள்.

அவள் பேசுவதெல்லாம் ஆங்கிலம். எனக்கு அது எங்கள் தமிழாகவே காதில் விழுந்து பழகிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

3

கொமிக்ஸ் பைத்தியம் அவளுக்குத் தகப்பன் வழியாக வந்தது.

க்ளைவ் ஜமேக்காவில் பிறந்தவர். ரொறொன்ரோவில் இருந்த அவருடைய மாமி, வருடத்தில் ஒருமுறை பெரிய பீப்பாய் ஒன்றில் அரிசி, சவர்க்காரம், சப்பாத்து எல்லாம் அடைத்துக் கப்பலில் அனுப்புவாவாம். போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டி உடையாமல் இருக்க, இடையில் பழைய கொமிக்ஸ் புத்தகங்களைச் சுருட்டிச் செருகிவிடுவாவாம். "வீட்டில எல்லாரும் சப்பாத்துக்கு அடிபட, நான் போத்தல் சுத்தின கடதாசிக்கு அடிபட்டன்" என்று க்ளைவ் ஒருமுறை என் சாப்பாட்டு மேசையில் இருந்து சொன்னார். "எனக்கு முகம் முழுக்க மூடின வீரர்களைத்தான் பிடிக்கும். உள்ளுக்கு ஆரெண்டு தெரியாதுதானே. நான்தான் எண்டு வைச்சுக்கொள்ளுவன்."

மகளுக்கு வாசித்துக் காட்டும்போது அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் வாசிப்பார். முதலில் உன் மண்டைக்குள் பார், படம் பிறகு என்பார். அப்படி ஒரு கதையில் உப்புக்கடல் ராணி என்று ஒருத்தி வந்தாள். புயலைக் கையால் பிடித்து நிறுத்துகிறவள். சிமோன் தன் மண்டைக்குள் அவளைப் பார்த்தாள். அவளுக்குத் தாயின் முகம். பிறகு தகப்பன் கையை எடுத்தார். மஞ்சள் முடியோடும் பால் நிறத்தோடும் வேறு யாரோ நின்றாள்.

"படம் பிழையெண்டு அப்பாவோட சண்டை பிடிச்சு அழுதன் அன்ரி."

தகப்பனும் மகளும் இதைப் பற்றி எங்கள் வீட்டில் தர்க்கப்படுவார்கள். எனக்கு அது நல்ல பொழுதுபோக்கு. சிமோன் சொல்லுவாள்: "இந்தப் படங்களில ஒரு கறுப்பு ஆள் வந்தா என்ன நடக்கும்? ஒண்டில் முதலே செத்துப்போவார். இல்லாட்டி உடம்பெல்லாம் நீலம் பூசி ஆளே தெரியாமல் ஆக்கிப்போடுவாங்கள். இல்லாட்டி ஹீரோவுக்கு நாலு நல்ல புத்தி சொல்லிப்போட்டுக் காணாமப் போடுவார். கதைக்கிற மரத்தை நம்புறாங்கள், பறக்கிற குதிரையை நம்புறாங்கள். அந்தக் குதிரையில என்னை ஏத்தினா மட்டும் நம்பேலாதாம்."

"அதுக்குத்தான் முகமூடி. மூடிக்கொண்டு ஏறு, ஆரும் கேக்கமாட்டாங்கள்" என்பார் க்ளைவ்.

"எனக்கு முகமூடி வேண்டாம் டாட்."

அவள் ஒருமுறை வேறொரு வேஷத்தோடு அந்தத் திருவிழாவுக்குப் போய்ப் படத்தை இணையத்தில் போட்டாள். உடுப்பு நல்லாயிருக்கு, ஆனால் அந்தப் பாத்திரம் இந்த நிறமில்லையே என்று முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக எழுதினார்கள். சிலர் மரியாதையாகவும் எழுதினார்கள். அதுதான் இன்னும் வலிக்கும் என்று சொன்னாள். ஒவ்வொருவருக்கும் இருந்து பதில் எழுதினாள். ரெக்ஸ்டேலில் அவளைப்போன்ற கறுப்பின ரசிகர்கள் மாதம் ஒருமுறை கூடுகிற கூட்டத்திலும் பாதி நேரம் இந்தக் கதைதான் ஓடுமாம். பதில் எழுத வேண்டுமா, விட்டுவிட்டு எங்கள் கதைகளை நாங்களே வரைவோமா என்று.

ஒருநாள் என்னோடும் அபியோடும் இருந்து ஒரு தமிழ்ப் படம் பார்த்தாள். பாதியில் என்னிடம் திரும்பி, "அன்ரி, உங்கட நிற ஆக்கள் இதில எங்க?" என்று கேட்டாள். "வில்லனுக்குப் பின்னால நிக்கினம் பார்" என்றேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

4

எங்கள் ஊர்க் கோவில் பங்கில் தவக்காலத்தில் இயேசுவின் திருப்பாடுகளின் காட்சி போடுவது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். உபதேசியார் பாத்திரம் பிரிக்க வருவார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். யாருக்குப் பாட வரும், யாருக்கு அழ வரும் என்ற விசாரணை ஒன்றும் கிடையாது. என் தங்கச்சி றெஜினா சிவலை, வெளிர் நிறக்காரி. அவள் வருடாவருடம் இறக்கை கட்டிய சம்மனசு, வளர்ந்த பிறகு மாதா. நான் யெருசலேம் நகரத்துச் சனம். "அவரைச் சிலுவையில் அறையும்" என்று கத்துகிற கூட்டத்தில் மூன்றாம் வரிசை. மாதாவின் வசனம் முழுவதும் எனக்குப் பாடம். றெஜினா மறந்தால் மூன்றாம் வரிசையிலிருந்து நான்தான் வாயசைத்துக் கொடுப்பேன். யாரும் அதை அநியாயம் என்று நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. சம்மனசு கறுப்பாக இருக்க முடியுமா என்ன?

இந்தக் கதையைச் சொன்னபோது சிமோன் சிரித்துவிட்டு, எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அபி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் என் நிறம்தான்.

5

போன வருடம் சிமோன் உப்புக்கடல் ராணியாகவே போவதென்று முடிவெடுத்தாள். மேடையில் வேஷப் போட்டி. விண்ணப்பத்தோடு மூலப் படத்தை இணைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். இணைத்தாள். உங்கள் வேஷம் மூலத்தோடு ஒத்துப்போகுமா என்று மின்னஞ்சல் வந்தது. உடுப்பு ஒத்துப்போகும், முகம் என்னுடையது என்று பதில் போட்டாள். அது சரிதானா என்று பார்த்துச் சொல்ல ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர். கடைசியில் அனுமதி வந்தது. எங்கள் அகதி வழக்கு நாட்களில் இதைவிடக் குறைந்த கேள்விதான் கேட்டார்கள் என்று நான் பகிடி விட்டேன்.

உடுப்பைச் சிமோனும் அபியும் எங்கள் வீட்டு மேசையில் வைத்துத்தான் தைத்தார்கள். கருநீலத் துணியில் உப்புக்கல் மாதிரி வெள்ளைப் பாசிமணிகள். க்ளைவ் தன் வாழ்க்கையில் முதல்தரமாக அந்தத் திருவிழாவுக்கு டிக்கட் எடுத்தார், மகளை மேடையில் பார்க்க.

போட்டியன்று காலை, ஒப்பனை செய்ய வரவிருந்த அவளுடைய சிநேகிதிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. "சித்தி செய்வா" என்றாள் அபி. றெஜினா மார்க்கம் நகரத்தில் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் கலியாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். கைராசிக்காரி என்று பெயர். அவள் சந்தோசமாக வரச் சொன்னாள்.

அவளிடம் ஒரு வழக்கம். பெண்ணைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி இருத்துவாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கதிரையைத் திருப்புவாள், பெண் தன்னையே பார்த்து அதிசயப்பட வேண்டுமாம். நான் மேலே குசினியில் பிள்ளைகளுக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். அபி மேலே நின்று ராணியின் மேலங்கியை அயர்ன் பண்ணினாள். "வாங்கோ, வாங்கோ, வந்து பாருங்கோ!" என்று றெஜினா கூப்பிட்டாள். இருவரும் இறங்கிப் போனோம்.

எங்கள் கலியாண மேக்கப்பில் முதல் வேலை நிறத்தைத் தூக்குவது, வெளுப்பாக்குவது. யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை, காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தூக்கித்தான் விடுவார்கள். றெஜினா தன்னிடமிருந்த அத்தனை போத்தல்களையும் திறந்து, ஒன்றரை மணித்தியாலம் பாடுபட்டு, தன் சொந்த மகளுக்குச் செய்வதுபோலச் சிமோனின் நிறத்தைத் தூக்கியிருந்தாள். முகம் மட்டும் தேன் நிறத்தில் மினுங்கியது. மூக்கு ஒடுங்கியிருந்தது.

கதிரை எங்களைப் பார்த்தபடி இருந்தது. சிமோன் இன்னும் தன்னைப் பார்க்கவில்லை. மேலங்கியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற அபிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓ மை கோட், சிம்," என்றாள். "யூ ஆர் பியூட்டிஃபுல். எவ்வளவு வடிவாயிருக்கிறாய்!"

சிமோனின் முகம் பூவாய் மலர்ந்தது. அந்தச் சிரிப்போடுதான் றெஜினா கதிரையைத் திருப்பினாள்.

சிமோன் கண்ணாடியைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. கையைத் தூக்கி, முகத்தைத் தொடாமல், நிறம் மாறுகிற கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறும்மா, கழுத்துக்கும் பூசிவிடுறன், வித்தியாசம் தெரியாது," என்றாள் றெஜினா.

"தாங்க்யூ, அன்ரி," என்றாள் சிமோன்.

எழும்பிக் குளியலறைக்குப் போனாள். தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கனநேரம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவித் துடைத்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன. றெஜினாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே அபியிடம் போனாள்.

"நாங்கள் சின்னப் பிள்ளையளில இருந்து சிநேகிதம், அபி. இதுக்கு முந்தி நீ ஒருநாளும் என்னை வடிவெண்டு சொன்னதில்லை."

"நான் உடுப்பைத்தான் சொன்னனான்," என்றாள் அபி.

உடுப்பு அபியின் கையில் இருந்தது. சிமோன் சாதாரண ரீசேட்தான் போட்டிருந்தாள்.

அவள் மேலங்கியை அபியின் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மடித்து, பைக்குள் வைத்தாள். டாக்சி கூப்பிட்டுப் போய்விட்டாள். ரோல்ஸ் மேலே ஆறிப்போய்க் கிடந்தது. அன்று அவள் மேடைக்குப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

6

"நான் என்ன பிழை செய்தனான் அக்கா? நல்லாத்தானே ஆக்கிவிட்டனான்?" றெஜினா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கலியாணத்துக்கும் அவள்தான் மேக்கப் போட்டவள். அந்த ஆல்பத்தில் இருப்பது யாரென்று என் புருஷனே பகிடிக்குக் கேட்பார். அன்பு என்றால் வெள்ளையடிப்பது என்றுதான் அவளுக்குத் தெரியும். எங்களுக்கும் அப்படித்தானே தெரியும்?

அபி எல்லாவற்றையும் சித்தியின் தலையில் போட்டாள். "எல்லாம் சித்தியாலதான். ஷி ருயின்ட் எவ்ரிதிங்." சிமோன் றெஜினாவைக் குற்றம் சொல்லவே இல்லை. அடுத்த நாளே அவளுக்கு, இவ்வளவு நேரம் செலவழித்ததற்கு நன்றி, கழுவியதற்கு மன்னிக்கவும் என்று ஒரு தகவல் அனுப்பியிருந்தாள். அதை வாசித்துவிட்டுத்தான் றெஜினா இன்னும் கூடுதலாக அழுதாள்.

அபி அனுப்பிய தகவல்களுக்குப் பதில் வரவில்லை. கடைசியில் ஒரு கோப்பிக் கடையில் இருவரும் சந்தித்தார்கள். அங்கே நடந்ததை அபி எனக்குப் பிறகுதான் சொன்னாள், காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. சிமோன் கோபப்படவில்லையாம். அதுதான் பயமாக இருந்ததாம்.

"எனக்குக் கோவமில்லை அபி, களைச்சுப் போனன்," என்றாளாம். "முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு இருந்து இருந்து விளங்கப்படுத்தினனான், ஒரு ராணிக்கு என்ர முகம் இருக்கலாமெண்டு. உங்கட வீட்டில மட்டும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை எண்டு நினைச்சன். உங்கட வீட்டில நான் அந்த வேலையை விட்டுப்போட்டு வந்துதான் இருந்தனான்."

அபி மன்னிப்புக் கேட்டாளாம், பலமுறை. சிமோன் தலையாட்டினாளாம். பிறகு இருவரும் வேலை, வாடகை, காலநிலை என்று கொஞ்சநேரம் கதைத்துவிட்டு எழும்பி வந்தார்களாம். காலநிலை! ஒரு காலத்தில் இருவரும் ஒரு போர்வைக்குள் படுத்துக்கொண்டு விடிய விடியக் கதைத்த பிள்ளைகள்.

மாதா கோவிலில் நான் மன்றாடும்போது மூன்று பிள்ளைகளின் பெயர் சொல்லுவேன்: என் மகன், என் மகள், சிமோன். இப்போதும் சொல்கிறேன். எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து, சட்டியின் மூடியைத் தூக்கி என்ன கறி என்று பார்க்க வேண்டும். இதற்குமேல் இதை அழகாக எழுத எனக்குத் தெரியவில்லை.

7

நேற்றுச் சனிக்கிழமை. அபி காலையில் வந்து, "அம்மா, சிம் இண்டைக்கு மேடையில நிக்கிறாளாம். நீங்களும் வாறீங்களோ?" என்று கேட்டாள். தனியே போக அவளுக்குப் பயம்.

மண்டபத்தில் பின்வரிசையில், தூணோடு ஒட்டி நின்றோம். நாங்கள் யாருடைய கண்ணிலும் படக்கூடாதென்று நின்றால், க்ளைவ் நேரே எங்களிடமே வந்தார். கையில் பூங்கொத்து. பஸ் ஓட்டுகிற சீருடையைத் தவிர வேறு உடுப்பில் நான் அவரைக் கண்டது குறைவு. நேற்றுக் கோட் போட்டிருந்தார்.

"ஆ, வந்திட்டீங்களோ! போன வருஷம் பாவம் பிள்ளை, வயித்துநோவில வரேலாமப் போச்சு. நான் இதே மாதிரிப் பூவோட வாசலில நிண்டனான்," என்றார். பிறகு அபியின் தோளைத் தட்டினார். "நீ ஏன் இப்ப வாறேல்லை? இவளைக் கேட்டா, அபிக்கு வேலை கூடிப்போச்சு டாட் எண்டு சொல்றாள். வேலை எங்கயும் ஓடாது. வீட்டுப் பக்கம் வா."

நானும் அபியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சிமோன் தகப்பனுக்குச் சொல்லவே இல்லை. அவருடைய மனத்தில் எங்கள் வீடு அன்றிருந்தபடியே இருக்கட்டும் என்று, வயிற்று வலி என்றும் வேலை என்றும் ஒரு வருடமாக எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். நான் "ஓம், வருவாள்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் என்னிடம் சாப்பாட்டைப் பற்றி, என் கால்வலியைப் பற்றி அன்பாகக் கேட்கக் கேட்க, எனக்கு நிலத்தைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

விளக்கு அணைந்து மேடை வெளிச்சமானது. உப்புக்கடல் ராணி வந்தாள். அதே கருநீல உடுப்பு. முகம், கழுத்து, கை எல்லாம் ஒரே நிறம், அவளுடைய நிறம். எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை ஒரு வெள்ளிக் கோடு, வேறொன்றும் இல்லை. நடு மேடையில் நின்று வலது கையை மெதுவாகத் தூக்கினாள், புயலைப் பிடிக்கிறவளைப்போல. முன்வரிசையில் தன் தகப்பனின் தோளில் இருந்த ஒரு சின்னக் கறுப்புப் பிள்ளை தன் கையையும் தூக்கியது. மண்டபம் இரைந்தது. "அது இவளின்ர அம்மா. அப்பிடியே அவதான்," என்று க்ளைவ் யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு, பூங்கொத்தைத் தூக்கிப் பிடித்தபடி சனத்தை விலக்கி முன்னே போனார்.

அபி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கத்தினார்கள், விசிலடித்தார்கள். அவள் மட்டும் கத்தவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓட, மேடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அவள் எவ்வளவு வடிவு," என்றாள். தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"போய் அவளிட்டச் சொல்லு பிள்ளை."

அபி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"இனி நான் சொன்னா நம்பமாட்டாள் அம்மா."